திறமை இருந்தால் வெளியே வராதா?

கேள்வி: பெண்கள் அருமையாகப் பாடுகிறார்கள், பாட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் சிம்பொனி (ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதும் நீண்ட இசைப் படைப்பு) எழுதிய பெண் என்று யாரையும் கேள்விப்பட்டதில்லையே? திறமை இருந்தால் தானாக வெளியே வந்திருக்காதா?

பதில்: வந்ததே! 2009-ல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் ஆன் என்ற ஊரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டிலிருந்து. மரம் விழுந்து கூரை பொத்தலாகியிருந்தது. மழை படாத பக்கத்தில் கட்டுக்கட்டாக இசைக் கையெழுத்துப் பிரதிகள். எழுதியவர் ஃப்ளோரன்ஸ் பிரைஸ். அவர் இறந்து அப்போது 56 வருடம்.

1887-ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் பிறந்த கறுப்பினப் பெண். பாஸ்டனில் முறையாக இசை படித்து, ஊர் திரும்பி ஆசிரியையானவர். நிறவெறி முற்றியதும் 1927-ல் குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போனார். 1931-ல் விவாகரத்து, கையில் இரண்டு பெண் குழந்தைகள். பியானோ வகுப்பு எடுத்தார், மௌனப் படங்களுக்கு ஆர்கன் வாசித்தார், ரேடியோ விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டார். இதற்கு நடுவில் சிம்பொனி எழுத நேரம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? கால் எலும்பு முறிந்தது. படுத்த இடத்தில் எழுதினார். 'இப்படிக் கால் உடையும் பாக்கியம் மறுபடி எப்போது வாய்க்குமோ' என்ற பொருளில் ஒரு தோழிக்குக் கடிதமும் போட்டார். நீங்கள் சொல்லும் 'தானாக' என்பது இதுதான்.

அந்த சிம்பொனிக்கு 1932-ல் கறுப்பின இசைப் படைப்பாளர்களுக்கான வானமேக்கர் போட்டியில் முதல் பரிசு, 500 டாலர். 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது. அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை. அதே கச்சேரியில் பியானோவில் உட்கார்ந்தவர் மார்கரெட் பாண்ட்ஸ், பிரைஸிடம் பாடம் கேட்டவர். பாட்டு சொல்லிக்கொடுப்பதை ஏதோ இரண்டாம் பட்சம் போலக் கேட்டிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

பிறகு? பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்குப் பிரைஸ் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். 1943 கடிதத்தில், தனக்கு இரண்டு குறைகள் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: பெண் என்பது ஒன்று, இனம் இன்னொன்று. அந்த மனிதர் ஒரு படைப்பைக்கூட மேடையேற்றவில்லை.

1945-ல் எழுதிய நான்காவது சிம்பொனியும் செயின்ட் ஆனின் அந்தப் பாழடைந்த வீட்டில்தான் கிடந்தது. 2018-ல், அவர் பிறந்த ஆர்கன்சாவில், ஃபோர்ட் ஸ்மித் நகர ஆர்கெஸ்ட்ரா அதை முதன்முதலாக வாசித்தது. ஒலிப்பதிவு கிடைக்கிறது. கேட்டுவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.