கிரேட் வைப்ஸ் மாதிரி கர்சிவ் (கையெழுத்து போல இணைந்து ஓடும்) ஃபான்ட்டைக் கல்யாணப் பத்திரிகை முழுக்கப் போடலாமா? வேறு எதற்கெல்லாம் ஆகும்?

முழுக்க வேண்டாமுங்க. மணமக்கள் பெயருக்குப் போடுங்க, மிஞ்சிப்போனால் மேலே ஒரு வரிக்கு. முகூர்த்த நேரம், மண்டபம், போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். ஈரோட்டில் டிசைன், டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலையில் இருக்கிறேன். பத்திரிகையை மூக்குக்கிட்டே வைத்துத் தேதி தேடும் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த எழுத்துக்குத் தாய், 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரவுண்ட்ஹேண்ட் கையெழுத்து. இறகுப் பேனாவை அழுத்திக் கீழே இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும். அழுத்தாமல் மேலே ஏற்றினால் மயிரிழையாக வரும். அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். ஜார்ஜ் பிக்காம் 1733 முதல் 1741 வரை வெளியிட்ட மாதிரிப் பக்கங்களைப் பாருங்க, இன்றைய பத்திரிகைச் சுழிப்புகள் அத்தனையும் அதில் இருக்கும். சார்லஸ் ஸ்னெல் என்ற கையெழுத்துக் கலை ஆசிரியரின் எழுத்தைப் பார்த்து மாத்யூ கார்ட்டர் 1960-களில் வரைந்ததுதான் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். எட்வர்டியன் ஸ்கிரிப்ட்டும், ராப் லூஷ்கி வரைந்த கிரேட் வைப்ஸும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆக, தடிமனும் மெலிவும்தான் இதன் அழகே. அளவைக் குறைத்தால் முதலில் சாவது அந்த மெலிவு. சிற்றெழுத்தின் உடலும் (a, x மாதிரி எழுத்துகளின் உயரம்) இதில் மிகச் சின்னது. மற்ற ஃபான்ட்டில் 12 பாயிண்டில் தெளிவாகத் தெரிவது இதில் புழு நெளிகிற மாதிரி இருக்கும். பெயருக்கு 30 பாயிண்டுக்குக் கீழே நான் இறங்குவதே இல்லை.

நம் பக்கம் பெரிய சிக்கல் இனிஷியலும் பட்டமும். மணமகள் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், பின்னால் பி.இ., எம்.பி.ஏ. இந்த ஃபான்ட்டின் பேரெழுத்துகள் (கேபிட்டல்) ஒரு சொல்லைத் தொடங்கி வைக்கத்தான் வரையப்பட்டவை. நாலு பேரெழுத்தை அடுத்தடுத்து வைத்தால் சுழிப்பும் சுழிப்பும் மோதிக்கொண்டு, எம் எது, பி எது என்றே தெரியாது. பெயரை மட்டும் கர்சிவில் வைத்து, பட்டத்தை அடுத்த வரியில் சின்னதாக, நேரான எழுத்தில் வையுங்க. படித்த படிப்பு நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதானே வீட்டார் போடச் சொல்கிறார்கள்? அது படிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

ஊர்ப்பெயருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையம் என்று ஆங்கிலத்தில் கர்சிவில் எழுதிப் பாருங்க: b, h, இரட்டை t, l எல்லாம் மேலே எழும்பி, p-யும் y-யும் கீழே இறங்கி, அவ்வளவு அழகு. காங்கேயத்தில் g-யும் y-யும் கீழே தொங்கி அடுத்த வரியை இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலான இடைவெளியை மட்டும் தொடவே தொடாதீங்க. ஒரு எழுத்தின் வால் முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்கும். கொஞ்சம் இழுத்தாலும் இணைப்பு அறுந்துபோகும்.

பத்திரிகையைத் தாண்டி, சேலைப் பெட்டி மேல் கடைப் பெயர், பொட்டிக் போர்டு, கேக் பெட்டி, நன்றி அட்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஃபாயில் (தங்க, வெள்ளி நிறத் தாளை ஒட்டி அச்சிடுவது) அடிப்பதாக இருந்தால் மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும். அதே நிறத்தில் மெல்லிசாக ஒரு அவுட்லைன் கொடுத்துக்கொள்ளுங்க. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தாக விட்டால் மை பரவி மயிரிழைகள் அடைந்துவிடும்.

கார் ஸ்டிக்கரும் மேடைத் தெர்மாகோல் பெயரும் வெட்டக் கொடுக்கும்போது எழுத்துகளைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கினால் மட்டும் போதாது, கோரல் டிரா மென்பொருளில் வெல்டும் செய்ய வேண்டும், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவமாக ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ஒவ்வொரு இணைப்பிலும் பிளேடு குறுக்கே வெட்டிவிடும். தெர்மாகோலுக்கு இன்னும் தடித்த ஸ்கிரிப்ட்டே எடுங்க, மேடையில் ஏற்றும்போதே வால் ஒடியும்.

திருப்பூர்ப் பக்கம் டி-சர்ட்டில் எம்பிராய்டரிக்குக் கேட்பார்கள். சாட்டின் தையலுக்கு (நூலை நெருக்கமாகப் பக்கவாட்டில் ஓட்டி நிரப்பும் தையல்) கோடு சுமார் 1 மி.மீ. அகலமாவது வேண்டும், இந்த மயிரிழை அதில் நிற்காது. அங்கே ஒரே தடிமனில் ஓடும் பிரஷ் மாதிரி ஸ்கிரிப்ட் எடுப்பதே நல்லது.

தமிழ்ப் பெயரும் பக்கத்தில் வந்தால்? இட்டாலிக் பொத்தானை அமுக்கித் தமிழைச் சாய்க்காதீங்க, வளைவெல்லாம் கோணிப்போகும். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, ஒரே சீரான கோடு. அதற்கு அதன் அழகே போதும். மெல்லிய, நேரான தமிழ் எழுத்துரு வையுங்க. சாய்வு வேண்டுமென்றால் சாய்வாகவே வரையப்பட்ட கவிவனார் என்ற தமிழ் எழுத்துரு இருக்கிறது.

கிரேட் வைப்ஸ் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். மற்றதை இறக்கும்போது உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்க, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருப்பதைக் கடை போர்டில் போட முடியாது.