கோன்களிடம் கெட்டி, மேட்ச்சில் தடுமாற்றம்: என்ன செய்வது?

கேள்வி: 9 முதல் 11 வயது வரையுள்ள 14 பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள், தலா ஒன்றரை மணி நேரம் கால்பந்து சொல்லித் தருகிறேன். தரையில் வரிசையாக வைக்கும் கூம்புகளான கோன்களுக்கு நடுவே பந்தை அழகாக நெளித்துக்கொண்டு போகிறார்கள். மேட்ச் என்று வந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது. பந்து காலுக்கு வந்ததும் எங்காவது தூர அடித்துவிடுகிறார்கள். கோன் பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம், குறையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கால் வேலை வந்துவிட்டது. எதிரில் ஒருவர் பாய்ந்து வரும்போது அதை எப்போது, எந்தப் பக்கம் எடுப்பது என்பதுதான் இன்னும் பழகவில்லை. கோன் நகராது, பந்தைப் பறிக்கவும் வராது. குனிந்து பந்தை மட்டும் பார்த்தாலே அதைக் கடந்துவிடலாம். மேட்ச்சில் பந்து வந்து சேர்வதற்குள் எதிராளி எங்கே, காலி இடம் எங்கே, நம் ஆள் எங்கே என்று பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். அந்தப் பார்வையும் முடிவும் கோன் பயிற்சியில் நடப்பதே இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 14 பேரும் ஒரே வரிசையில் நின்று ஒருவருக்கு 10 விநாடி என்று வைத்தால், அடுத்த முறை வர 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். 20 நிமிடத்தில் எட்டு முறை. பந்தோடு இருந்த நேரம் மொத்தம் ஒன்றரை நிமிடம்கூட வராது. என் ஆரம்ப வருடங்களில் நானும் இப்படித்தான் வரிசை கட்ட வைத்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கும், பெற்றோருக்கும் பிடிக்கும். ஒரு நாள் ஒரே ஒரு சிறுமியை மட்டும் கவனித்துக்கொண்டு நின்றபோதுதான், அவள் பயிற்சி முழுக்கக் காத்துக்கொண்டே இருந்தாள் என்பது உறைத்தது. அன்றோடு வரிசையை விட்டேன்.

சரி, ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் 15 நிமிடம் ஆளுக்கொரு பந்து. எல்லோரும் ஒரே சதுரத்துக்குள், சற்று நெருக்கமான இடத்தில். தலை நிமிராவிட்டால் மோதிக்கொள்வார்கள், அதனால் தானாகவே நிமிரும். அப்புறம் ஒருவருக்கு ஒருவர். உங்களுக்கு ஏழு ஜோடி அமையும். ஏறக்குறைய 10 மீட்டர் நீளத்தில் இரு முனையிலும் சின்ன கோல் வைத்து, 20 விநாடி ஆட்டம், 40 விநாடி ஓய்வு. தொடர்ந்து தோற்கும் பிள்ளைக்கு ஜோடியை மாற்றுங்கள். சில நேரமாவது ஜெயித்தால்தான் துணிந்து தாண்டிப் பார்க்கத் தோன்றும்.

அடுத்தது ரோண்டோ. வெளியே வட்டமாக நின்று தங்களுக்குள் பந்தைக் கொடுத்து வாங்க ஐந்து பேர், நடுவில் அதைப் பறிக்க இரண்டு பேர். உங்கள் 14 பேருக்கு இரண்டு வட்டம் கச்சிதமாக வரும். உங்கள் பிள்ளைகளின் சிக்கலுக்கு நேரான மருந்து இதுதான், அதனால் இதில் அவசரப்படாதீர்கள். ஆரம்பத்திலேயே ஒரு டச், இரண்டு டச் என்று, பந்தைக் காலால் தொடும் தடவைகளுக்குக் கட்டுப்பாடு போடக் கூடாது. போட்டால் பதற்றத்தில் அடித்துத் தள்ளும் அதே பழக்கம்தான் வளரும். எத்தனை டச் வேண்டுமானாலும் எடுக்கட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பந்து தன்னிடம் வருவதற்கு முன் பிள்ளை தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்ததா? இரண்டு, உடலைப் பாதி திருப்பி, பந்து வரும் திசைக்கு அப்பால் இருக்கும் காலால் வாங்குகிறதா? அப்படி வாங்கினால் முதல் டச்சிலேயே மைதானத்தின் மறுபக்கம் கண்ணில் படும். நேராக நின்று வாங்கினால் வந்த வழியே திருப்பி அடிப்பதுதான் சுலபம். நார்வே ஆய்வாளர் கெயர் யோர்டெட் இங்கிலாந்து பிரிமியர் லீக் வீரர்களைக் கவனித்து, பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்ததைக் காட்டியிருக்கிறார். இது பிறவித் திறமை இல்லை, கழுத்தைத் திருப்பும் பழக்கம்.

மீதி நேரம், அதாவது குறைந்தது 40 நிமிடம், ஆட்டம். ஒரு மைதானத்தில் 4 பேருக்கு 4 பேர், பக்கத்தில் 3 பேருக்கு 3 பேர். ஆள் குறைந்தால் பந்து அடிக்கடி வரும், ஒளிந்து நிற்கவும் இடமில்லை. பெலே, ரொனால்டினோ இருவரும் சிறுவயதில் ஃபுட்சால் ஆடியவர்கள். கால்பந்து மைதானத்தைவிட மிகச் சிறிய களத்தில் அணிக்கு ஐந்தே பேர் ஆடும் ஆட்டம் அது. இடம் சிறிதானால் கால் வேலை அலங்காரமாக நிற்காமல் தேவையாகிவிடும். இடங்களையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வளர்ந்த பையன் என்பதற்காக ஒருவனை எப்போதும் டிபெண்டராகவே நிறுத்திவிடாதீர்கள்.

இதோடு மேட்ச் நாளில் உங்கள் குரலையும் கவனியுங்கள். "அடி! தள்ளிவிடு!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து பெரியவர்கள் கத்துகிறார்களா? பெரும்பாலும் பந்தைத் தூர அடிப்பதை நாமே கற்றுக்கொடுத்திருப்போம். பந்து ஒரு பிள்ளையின் காலில் இருக்கும்போது எதுவும் சொல்ல வேண்டாம். இடைவேளையில் "அப்போது உனக்கு என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். தன் கோல் அருகே பந்தை இழந்து கோல் விழுந்தாலும் அந்தப் பிள்ளையை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த மேட்ச்சில் 14 பேருமே தூர அடிப்பார்கள்.

இந்த வயதுக்கு 4-ஆம் எண் பந்து போதும். தலையால் முட்டும் பயிற்சி வேண்டாம். அமெரிக்கா 2015-லேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடுத்துவிட்டது. குதிகால், முழங்கால் வலி என்று சொன்னால், வளரும் வயதில் சகஜம் என்று ஓட விடாமல் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றம் உடனே தெரியாது. முதல் சில வாரங்கள் பந்தை அதிகம் இழப்பார்கள், மேட்ச் தோற்கவும் நேரலாம். பெற்றோரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் கோல் கணக்குக்குப் பதிலாக, நெருக்கடியில் பந்தை வாங்கி ஒரு டச்சாவது வைத்துக்கொண்ட தடவைகளை எழுதுங்கள். ஒரு மேட்ச்சுக்கு இரண்டு பிள்ளைகள் போதும், 14 பேரையும் ஒரே நாளில் எண்ண முடியாது. இரண்டு மாதம் கழித்து அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.