லினக்ஸில் இணைய இணைப்பு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சோதிக்க என்ன வழி?

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் போதும். அதன் வேலைப் பட்டியலான கிரான்டேப்பில் வரியின் தலையில் */5 * * * * என்று எழுதி, அடுத்து உங்கள் ஸ்கிரிப்டின் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பின்) முழுப் பாதையைக் கொடுங்கள். கிரானுக்குப் பாதைகள் அதிகம் தெரியாது. ஸ்கிரிப்டுக்குள்ளும் கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுவது நல்லது.

சோதனைக்குப் பிங்: ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. இதில்தான் நான் சூடு பட்டேன். விண்டோஸில் பிங் நான்கு முறை அனுப்பிவிட்டுத் தானே நின்றுவிடும். லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடும். பழைய பழக்கத்தில் எண்ணிக்கை சொல்லாமல் இரவு பத்து மணிக்குக் கிரானில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் ஏறக்குறைய 120 பிங் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன! ஆகவே சிறிய எழுத்து 'சி'யால் எண்ணிக்கை 1 என்றும், பெரிய எழுத்து 'டபிள்யூ'வால் காத்திருப்பு 2 விநாடி என்றும் கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வந்தால் பிங் 0 என்ற முடிவு எண்ணோடு முடியும். வேறு எந்த எண் வந்தாலும் கோளாறு.

எதற்குப் பிங் செய்வது என்பதுதான் முக்கியம். முதலில் வீட்டு ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1. அடுத்து வெளியே கூகுளின் 8.8.8.8. கடைசியாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், இணைப்பு சரி, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துகிறது. நிலை மாறும்போது மட்டும் நேரத்தோடு பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'சரி' 'சரி' என்று நிரம்பும் கோப்பை யாரும் படிக்கமாட்டார்கள்.

கிரானைப் போலவே வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் சிஸ்டம்டி டைமரும் உண்டு. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்ததை அது தொடங்காது; அன்றிரவு அதைப் பயன்படுத்தியிருந்தால் ஒரே ஒரு பிங்தான் ஓடியிருக்கும். ஆனால் இவ்வளவு சிறிய வேலைக்கு இரண்டு கோப்புகள் எழுத எனக்குப் பொறுமை இல்லை. கிரான் வரியில், ஒரே வேலை இரண்டாக ஓடாமல் பூட்டும் எஃப்லாக் கட்டளையைச் சிறிய எழுத்து 'என்'னோடு சேர்த்தால் அதே பாதுகாப்பு கிடைத்துவிடும்.

இரண்டு வாரமாக இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பதிவைத் திறந்தால், ஒவ்வொரு முறையும் முதல் படியிலேயே, ரவுட்டரிடமிருந்தே பதில் இல்லை. என் பழைய மடிக்கணினியின் வைஃபை மின்சேமிப்பு செய்த வேலை அது. அணைத்தேன்; அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் ஒரு வரியும் கூடவில்லை.