பயந்த பிள்ளைக்குப் பாடம் எப்படி நடத்துவது?

கேள்வி: எட்டாம் வகுப்பில் காலநிலை மாற்றம் நடத்தினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின் படங்களைக் காட்டியதும் இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். உணர்ச்சி கலக்காமல் இதை நடத்த வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை, வேண்டவும் வேண்டாம். மனத்தைத் தொடாத செய்தி தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். பயம் மிஞ்சினாலோ, யோசிக்கத் தேவையான கவனத்தையே அது தின்றுவிடும். சிரித்தவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த வயதில் பயத்தை மறைக்கச் சிரிப்புதான் கைகொடுக்கும். நீங்கள் மாற்ற வேண்டியது பாடத்தின் வரிசையை மட்டும்தான். படத்தில் தொடங்காதீர்கள்.

நாளை வெள்ளம் பற்றிய பாடம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 40 நிமிட பீரியடில் முதல் 5 நிமிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. ‘பெருமழை என்றதும் எனக்கு...’ என்ற வரியைப் பெயர் போடாமல் முடிக்கட்டும். சீட்டுகளை உரக்கப் படிக்க வேண்டாம், யார் எழுதியது என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். ‘பயம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள், கோபமும் இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

அடுத்த 15 நிமிடம் கணக்கு. அந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் சதுர மீட்டருக்கு 950 லிட்டர். வகுப்பறைத் தரையை அளந்து பிள்ளைகளே பெருக்கட்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். தங்களைப் பயமுறுத்தியதற்கு ஒரு காரணமும் ஓர் அளவும் உண்டு என்று அவர்களுக்குப் புரியும்.

மீதி நேரம் கைவேலை: மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, மூடியில்லாமல் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் 0 வரும்படி ஒட்டுங்கள். சுவருக்கோ மரத்துக்கோ பக்கத்தில் வைத்தால் அளவு தப்பும். அந்தச் சுவர் அல்லது மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறையைப் போலக் காலை 8.30-க்குக் குறிக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வீடு மூழ்கிய பிள்ளையை எழுப்பி ‘உன் அனுபவத்தைச் சொல்’ என்று கேட்காதீர்கள். அதுவாகப் பேச வந்தால் மட்டும், தனியே, பொறுமையாகக் கேளுங்கள்.

கேள்வி: ‘நான் பெரியவளாகும்போது பூமி இருக்குமாம்மா?’ என்று என் 12 வயது மகள் கேட்கிறாள். சரியாகத் தூங்குவதில்லை.
– ஒரு தாய், சேலம்

பதில்: ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். அதை நம்பமாட்டாள், அடுத்த முறை உங்களிடம் கேட்கவும் மாட்டாள். இது அவளுக்கு மட்டும் உள்ள பயமும் அல்ல. 2021-ல் இந்தியா உள்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில், 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள்.

எங்கே, என்ன கேள்விப்பட்டாள் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: பூமி இருக்கும், வெப்பம் கூடுகிறது, எவ்வளவு கூடும் என்பது இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. ஓசோன் கதையையும் சொல்லுங்கள். 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஆனது. ஓசோனைத் தின்ற வாயுக்களைப் படிப்படியாக உலக நாடுகள் எல்லாம் நிறுத்தின. அந்தப் படலம் இன்று மெல்ல ஆறிவருகிறது. ‘உங்கள் தலைமுறைதான் காப்பாற்ற வேண்டும்’ என்று மட்டும் முடிக்காதீர்கள். பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பிள்ளை தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செய்தி வீடியோக்களை நிறுத்துங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: உணர்ச்சிக்கு மதிப்பெண் போடலாமா?
– தலைமை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கூடாது. மதிப்பெண் என்றதும் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் பிள்ளை எழுதும், சீட்டு பொய்யாகிவிடும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடவேளைக்கும் தேர்வு வைக்கவில்லை. மழைப் பதிவேட்டுக்கு மதிப்பெண் போடுங்கள்: நாள் தவறாமல் குறித்தார்களா, விட்டுப்போன நாளை இட்டுக்கட்டாமல் காலியாக விட்டார்களா என்று பாருங்கள்.