பியானோ கலைஞர் ஒருவருக்கு வாசிக்கும் கையே பழுதானால், அதன் பிறகு என்ன செய்வார்?

கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கை எட்டாம் கிரேட் பியானோ பரீட்சைக்குப் படிக்கிறாராம். சில மாதங்களாக வலக்கையின் கடைசி இரண்டு விரல்களும், வாசிக்கும்போது மட்டும், உள்ளே சுருள்கின்றனவாம். நோவு எதுவும் இல்லையாம்.

படித்ததும் எனக்கு அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர் ஞாபகம் வந்தார். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் அந்தக் காலத்துப் பெரிய பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் படிக்கப் போனார். பதினாறு வயதில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் வாசித்தார். 1952இல் பிரசல்ஸில் எலிசபெத் மகாராணி போட்டியில் முதற்பரிசு பெற்றார். ஜோர்ஜ் செல் நடத்திய கிளீவ்லண்ட் இசைக்குழுவோடு அவர் வாசித்த பீத்தோவன், பிராம்ஸ் ஒலிப்பதிவுகளை இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.

முப்பத்தாறு வயதில், 1964இல், அவருடைய வலக்கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் சுருளத் தொடங்கின. உங்கள் தங்கைக்குச் சொன்னீர்களே, அதே விரல்கள். அவர் நிறுத்தவில்லை. இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்தார், அதனால் இன்னும் மோசமானது. இது ஃபோகல் டிஸ்டோனியா என்று தெரியவரப் பல வருடங்கள் போயின. விரலிலோ எலும்பிலோ பழுது இல்லை. விரல்களை ஆளும் மூளைப் பகுதியில்தான் குழப்பம். அதனால்தான் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது ஒன்றும் தெரியாது, கட்டைகளில் கை வைத்ததும் விரல் மடங்கிவிடும்.

1990களில், இறுகும் தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசியின் உதவியோடு அவர் இரண்டு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார், 2004இல் அதற்கு ஓர் இசைத்தட்டும் வந்தது. எல்லாரும் இந்தத் திரும்புதலைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட இடையிலிருந்த முப்பது வருடங்கள்தான் பெரிது. முதலில் உயிரை விடக்கூட நினைத்தவர். அப்புறம் பால்டிமோரின் பீபொடி இசைக் கல்லூரியில் மாணவர்களோடு உட்கார்ந்தார். பேர்பெற்ற பியானோ கலைஞர்கள் ஆந்த்ரே வாட்ஸும் யெஃபிம் பிரான்ஃப்மனும் அவரிடம் படித்தவர்கள். தானே வாசித்துக் காட்ட முடியாததால், ஒரு சுரத்தை எப்படித் தொட வேண்டும் என்பதைச் சொல்லில் சொல்லிக்கொடுக்கப் பழகினார். இசைக்குழுக்களை நடத்தினார். இடக்கைக்கென்றே எழுதப்பட்ட இசையை மேடையில் வாசித்தார்.

அப்படி இசை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல் இடக்கைக் கொன்சேர்ட்டோ, அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து இடக்கையால் மட்டும் வாசிக்கும் பியானோ இசை, எழுதினார். அது முதலில் மேடையேறியது 1932இல், வியன்னாவில். பெருவிரல் மெட்டைப் பாட, மற்ற நாலு விரல்களும் அடித்தளத்தைத் தாங்கும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று நம்ப மாட்டீர்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் கை நொந்த காலத்தில். பத்தொன்பது வயது. மட்டக்களப்பில், புளியந்தீவில் ஒரு பறங்கி அன்ரியிடம் படித்துக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கினால் வாவி ஈரத்தில் அந்த வீட்டுப் பியானோவின் கட்டைகள் ஊதிப்போகும், அழுத்தினால் எழும்பாது. சரி என்று இன்னும் பலமாக அடித்தேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்க வலக்கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. எனக்கு வந்தது தசைநார் வீக்கம், டிஸ்டோனியா இல்லை. ஆனால் அன்றைக்கு உலகமே முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அன்ரி திட்டவில்லை. "வலக்கை படுத்திருக்கட்டும் மகள், இடக்கைக்கு என்ன குறை?" என்றார். 1877இல் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுக்கு லாச்சி ஒன்றை இழுத்துத் திறக்கும்போது வலக்கைத் தசைநார் பிசகியதையும், அந்த நேரம் பார்த்து, பாக் வயலினுக்கு எழுதிய ஷகோன் என்ற இசையைப் பியானோவில் இடக்கைக்கு மாற்றி எழுதி பிராம்ஸ் அனுப்பியிருந்ததையும் சொன்னார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைக்கும் தனித்தனி மெட்டுள்ள பாக்கின் சின்ன இசைகளான இன்வென்ஷன்களில் வலக்கைப் பகுதியைத் தான் வாசித்தார், இடக்கையை நான். நாலு மாதம் அப்படியே போனது. அந்தப் பரீட்சை போய்விட்டது, அடுத்த வருடம்தான் எடுத்தேன். ஆனால் இடக்கை தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறது என்பதை அந்த நாலு மாதத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்கு முன் எட்டு வருடம் வாசித்தும் கேட்டதில்லை.

உங்கள் தங்கை இன்றைக்கே பயிற்சியை நிறுத்தட்டும். "இன்னும் ஒரு மணித்தியாலம் வாசித்தால் விரல் வழிக்கு வரும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது, நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். வைத்தியரின் அறையில் பியானோ இருக்காது, ஆகவே வாசிக்கும்போது விரல் சுருள்வதை ஃபோனில் ஒருமுறை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டிஸ்டோனியாதானா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பரீட்சைக் காசு கட்டியிருந்தால் போகட்டும்.

வைத்தியர் இடக்கைக்கு ஓம் என்றால், ஒரு சனிக்கிழமை தங்கையை மட்டக்களப்புக்குக் கூட்டி வாருங்கள். வலக்கைப் பகுதியை நான் வாசிக்கிறேன்.