32 ஸ்வரங்களுக்குள் ஒரு பாடல்: யமஹா கியூஒய்-100 வாங்கலாமா?

வாசகர் கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். ரயில் பயணங்களில் மெட்டுப் போட்டுப் பார்க்கவும் பின்னணி அமைக்கவும் கையடக்கமான சீக்வென்சர் (வாசித்ததைக் குறிப்புகளாகப் பதிந்து மீண்டும் இசைக்கும் கருவி) ஒன்று தேவைப்படுகிறது. பழைய யமஹா கியூஒய்-100 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதில் 547 ஒலிகள் இருந்தாலும் ஒரே நேரத்தில் 32 ஸ்வரங்கள்தாம் ஒலிக்கும் என்கிறார்கள். அது போதுமா? நம் வாத்திய ஒலிகள் கிடைக்குமா? பாட்டையும் அதிலேயே பதிவு செய்து, பிறகு கணினிக்குக் கொண்டுபோக முடியுமா?

பதில்: உங்கள் கேள்விகளில் பாட்டுப் பதிவு பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பலர் ஏமாற்றமடைவது அங்கேதான். கியூஒய்-100 கருவியில் கிடாரையோ மைக்கையோ இணைக்க ஓர் உள்ளீடு உண்டு. அதன் வழியே வரும் ஒலிக்கு எதிரொலி சேர்க்கலாம், ஆம்ப்ளிஃபையரின் குணத்தை ஏற்றலாம், ஓடிக்கொண்டிருக்கும் பின்னணியோடு கலந்து ஹெட்போனில் கேட்கலாம். ஆனால் அந்த ஒலி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. இந்தக் கருவியின் நினைவகத்தில் இருப்பது ஒலி அன்று. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டுமே. அதனால்தான் ஏறத்தாழ 32,000 ஸ்வரங்களை ஒரு சிறு நினைவகத்தில் அடக்க முடிந்தது. அதனால்தான் இசைத்து முடித்த பகுதியின் வேகத்தையும் சுருதியையும் வாத்தியத்தையும் தரம் குறையாமல் பின்னர் மாற்றவும் முடிகிறது.

அடுத்து அந்த 32. இது 32 வாத்தியங்களைக் குறிக்கும் எண் அன்று. ஒரு கணத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரங்களின் உச்ச வரம்பு. இதில் நுட்பம் ஒன்று உண்டு. சில ஒலிகள் ஒரே அடுக்கால் ஆனவை. செறிவாகக் கேட்கும் ஸ்ட்ரிங்ஸ், பேட் (நீண்டு நிற்கும் மென்மையான பின்னணி ஒலி) போன்ற பல ஒலிகளோ இரண்டு அடுக்குகளால் ஆனவை. இரண்டடுக்கு ஒலியில் ஒரு விசையை அழுத்தினால் இரண்டு இடங்கள் நிரம்பிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டடுக்கு ஸ்ட்ரிங்ஸில் நான்கு ஸ்வரக் கார்ட் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எட்டு இடம் பிடிக்கும், சஸ்டெயின் பெடலோடு வாசித்த பியானோ எளிதாகப் பத்து, பேஸ் ஒன்று, டிரம்ஸ் நான்கு, இரண்டடுக்குப் புல்லாங்குழல் மெட்டுக்கு இரண்டு. மொத்தம் 25. இதன்மேல் இன்னொரு இரண்டடுக்குப் பேட் ஒலியில் நான்கு ஸ்வரங்களைச் சேர்த்தால் 33 ஆகிவிடும். அப்போது முன்பே ஒலித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஸ்வரம் பாதியில் அறுபடும். கேட்பவருக்கு அது பிழையாகத் தெரியாமல் போகலாம். ஆனால் அமைத்தவரின் காது அதைப் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே நீண்டு ஒலிக்கும் கார்டுகளின் ஸ்வர நீளத்தைச் சுருக்குங்கள், பெடலைக் குறைத்து வாசியுங்கள், பின்னால் நின்று ஒலிக்க வேண்டிய வாத்தியங்களுக்கு ஓரடுக்கு ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள். வீச்சாக அடித்த சிம்பலின் நீண்ட ஓய்வொலியும் ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஒழுங்கோடு அமைத்தால் மெல்லிசைக் குழு அளவிலான பின்னணிக்கு 32 தாராளமாகப் போதும்.

வாத்திய ஒலிகளைப் பொறுத்தவரை, மின்னணு இசைக்கருவிகள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் மிடி முறைக்கு 1991-இல் வந்த ஜெனரல் மிடி தரத்தின் 128 ஒலிகளில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் உண்டு. யமஹா தன் பங்குக்கு 1994-இல் கொண்டுவந்த எக்ஸ்ஜி தரம், அதே எண்களின்கீழ் மாற்று ஒலிகளை அடுக்கியது. சிதாரின் மாற்று வங்கிகளில் (ஒலித் தொகுப்புகளில்) தம்பூராவும், ஷெனாயின் வங்கியில் மகுடியும், டல்சிமரின் வங்கியில் சந்தூரும், பாஞ்சோவின் வங்கியில் ரபாபும் இருக்கின்றன. எனவே முதன்மைப் பட்டியலோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் எண்ணின்கீழும் உள்ள வங்கிகளைத் திறந்து பாருங்கள். அதேசமயம் ஜெனரல் மிடி தரத்தில் வீணை, நாதஸ்வரம், மிருதங்கம், தபலா ஆகிய எவையும் இல்லை. காங்கோ, பாங்கோ ஒலிகளைக் கொண்டு தாளக்கட்டின் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளலாமே தவிர, மிருதங்கத்தின் நாதத்தை எதிர்பார்க்க இயலாது. கருவியில் வெளி ஒலிகளை ஏற்றும் வசதியும் கிடையாது.

கமகத்துக்கும் ஒரு வழி உண்டு. கருவியின் முகப்பில் உள்ள இரண்டு ஆக்டேவ் சிறுபொத்தான்களுக்கு டச் ரெஸ்பான்ஸ் இல்லை. எப்படி அழுத்தினாலும் ஒரே அழுத்தம்தான். பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) உள்ள கீபோர்டை மிடி வழியே இணைத்து வாசித்தால் அழுத்த வேறுபாடும் வளைவும் குறிப்பாகப் பதிவாகும். ஆனால் பிட்ச் பெண்ட் என்ற இந்த வளைவு அந்த டிராக்கின் (தனிப் பதிவு வரிசையின்) சேனல் முழுவதையும் ஒருசேர வளைத்துவிடும் என்பதால், மெட்டுக்கு எப்போதும் தனி டிராக் ஒதுக்குங்கள்.

இனி இந்தக் கருவியின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். 1990-இல் வீடியோ கேசட் அளவில் வந்த கியூஒய்-10 முதல், 1997-இன் கியூஒய்-70, 2000-இன் கியூஒய்-100 வரை இந்த வரிசை முழுவதற்கும் உயிர்நாடியாக இருப்பது ஒலிகளின் எண்ணிக்கை அன்று. தாளக்கோலத்தையும் கார்டையும் பிரித்து வைக்கும் அமைப்பு. 16 சீக்வென்சர் டிராக்குகள் நீங்கள் நேரடியாக வாசிப்பதற்கு. 8 பேட்டர்ன் (தாளக்கோல) டிராக்குகள் பின்னணிக்கு. எந்த பேட்டர்ன் எந்த அளவில் (பாரில்) வர வேண்டும் என்பதை ஒரு டிராக்கிலும், எந்தக் கார்ட் எங்கே மாற வேண்டும் என்பதை மற்றொன்றிலும் எழுதுகிறீர்கள். சி மேஜரை ஏ மைனராக மாற்றி எழுதினால் பேஸும் கிடாரும் ஸ்ட்ரிங்ஸும் அதற்கேற்பத் தம் ஸ்வரங்களைத் தாமே திருத்திக்கொள்ளும். சரணத்துக்கு நான்கு வகைக் கார்ட் வரிசைகளைப் போட்டு ஒப்பிட வேண்டுமானால், வேறு முறையில் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை இதில் சில நிமிடங்களில் முடியும். பயணத்தில் மெட்டுப் போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன வேண்டும்?

உள்ளமைந்த 128 ஸ்டைல்கள் (ஆயத்தப் பின்னணி வகைகள்) ஒவ்வொன்றிலும் தொடக்கம், இரண்டு முதன்மைப் பகுதிகள், அவற்றை இணைக்கும் இரண்டு ஃபில்கள், முடிவு என ஆறு பகுதிகள் உள்ளன. பெரும்பாலானவை 4/4 கணக்கில் அமைந்த மேலைநாட்டு வகைகள். மிஸ்ர சாபுவில் ஒரு மெட்டு உங்களிடம் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம்; 7/8 என்று அமைத்து நீங்களே ஒரு பேட்டர்னை உருவாக்குங்கள். ஒரு பேட்டர்ன் எட்டு அளவுகள் வரை நீளலாம் என்பதால், தீர்மானத்தோடு (முடிப்புக் கோர்வையோடு) கூடிய ஒரு சுற்றையே அதில் அடக்க இடமிருக்கிறது.

கணினிக்குக் கொண்டுபோவது இயலும். ஆனால் கருவியில் யூஎஸ்பி இல்லை. ஸ்மார்ட்மீடியா அட்டையில் மிடி கோப்பாகச் சேமிக்கலாம் என்றாலும் அந்த அட்டையும் அதைப் படிக்கும் சாதனமும் இன்று அரிதாகிவிட்டன. யூஎஸ்பி-மிடி இணைப்பி ஒன்றை வாங்கி, பாடலைக் கருவியில் ஓடவிட்டு, கணினி மென்பொருளில் எல்லாச் சேனல்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். பேட்டர்ன் டிராக்குகளை மிடி வெளியீட்டுக்கு அனுப்பும் அமைப்பு அணைந்திருந்தால் நீங்கள் வாசித்தது மட்டும் போய்ச் சேரும், பின்னணி வராது. ஆகவே முதலில் அதைத் திறந்துவிடுங்கள். கணினிக்கு வந்தபின் அதே குறிப்புகளுக்கு நல்ல மிருதங்க, வீணை ஒலிகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

கியூஒய்-70 மலிவாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்கிவிட வேண்டாம். அதன் ஒலிகள் 519; அட்டையும் கிடார் உள்ளீடும் அதில் இல்லை; கார்ட் டிராக்கும் பேட்டர்ன் முறையும் அதேதான். எதை வாங்கினாலும் 6 ஏஏ பேட்டரிகளைக் கையோடு கொண்டுபோய், நான்கு அளவு வாசித்துப் பதிவு செய்து, கருவியை அணைத்து, பேட்டரிகளைக் கழற்றிச் சில நிமிடங்கள் வைத்திருந்து மீண்டும் இயக்குங்கள். பதிவு அழிந்திருந்தால் நினைவகத்தைக் காக்கும் உட்புற லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.