பெருநகரத்துக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஊரைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, முதன்முறையாகப் பெருநகரத்தில் தனியாக இருக்கப் போகிறேன், எதிலிருந்து தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வெளியூரில் படித்தவள்தான். அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அறை பார்த்துக் கொடுத்து, அவர்களுடைய முதல் சில மாதங்களைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ஊர் முழுவதையும் பழகிவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். பெருநகரத்தில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள்கூட வீடு, வேலை, நாலைந்து தெரு, ஒன்றிரண்டு வழித்தடம் என்ற அளவில்தான் வாழ்கிறார்கள். நீங்களும் முதல் பருவத்தில் ஒரு சின்ன வட்டத்தை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய் வாருங்கள். அதே கடை, அதே வழி, நூலகத்தில் அதே மேசை, அதே ஆட்கள். கேட்க அலுப்பாக இருக்கலாம். ஆனால் நட்பு, பாதுகாப்பு, செலவு, படிப்பு எல்லாம் இதனால்தான் எளிதாகின்றன.

அந்த வட்டம் எங்கே அமையும் என்பதை உங்கள் அறை தீர்மானித்துவிடும். அதனால் அறை பார்க்கும்போது வாடகையைப் பார்க்கிற அளவுக்குத் தூரத்தையும் பாருங்கள். கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், நிமிடத்தில் போடுங்கள். சேசரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஊரும் காலமும் வாகனமும் மாறினாலும் மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணியை ஒட்டியே இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். போக அரை மணி, வர அரை மணி. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். வாடகை குறைவு என்று வெகுதூரம் போய், வகுப்புள்ள ஐந்து நாளும் மூன்று மணி நேரம் பயணத்தில் கழித்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் காணாமல் போகிறது. தூக்கத்திலிருந்தோ, படிப்பிலிருந்தோ, வகுப்பு முடிந்து நாலு பேரோடு உட்கார்ந்து பேசும் பொழுதிலிருந்தோதான் அது போக வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடைசிதான் முதலில் போகிறது. வாடகையோடு பயணச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், தூரத்து அறை அவ்வளவு மலிவாக இருக்காது.

பார்க்கப் போகும்போது வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். கடைசி பேருந்து அல்லது ரயில் எத்தனை மணிக்கு, இறங்கிய இடத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறதா, அந்த நேரத்தில் நடமாட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அறைக்குள் போனதும் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். நீங்கள் படிக்கப் போகும் மூலையில் நின்று கைப்பேசியில் சிக்னல் வருகிறதா பாருங்கள். ஜன்னல் உண்மையிலேயே திறக்கிறதா, கதவுப் பூட்டு உறுதியாக இருக்கிறதா, தீ பிடித்தால் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கருவி காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இருந்தால் அந்த இடம் வேண்டாம். எரிவாயு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை; தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து நிற்கும் தெம்பு போய்விடும். வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். உயிர் விஷயம்.

பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். சேர்க்கை நடக்கும் மாதங்களில் இந்த மோசடி எல்லாப் பெருநகரங்களிலும் நடக்கிறது. படம் அழகாக இருக்கும், வாடகை அந்தப் பகுதிக்கு வழக்கமானதைவிடக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார். முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும், இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்வார். நேரில் போக முடியாவிட்டால் அங்கே ஏற்கெனவே படிக்கிற யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது காணொளி அழைப்பில் வாசலிலிருந்து உள்ளே வரை காட்டச் சொல்லுங்கள். அதற்கும் சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். முடிந்தவர்கள் முதல் சில வாரங்களுக்கு விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தற்காலிகமாகத் தங்கி, ஊரில் கால் ஊன்றிய பிறகு அறை தேடுவது இன்னும் நல்லது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: காலி செய்ய எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும், எந்தெந்தக் காரணத்துக்கு முன்பணத்தில் பிடிப்பார்கள், மின்சாரம் தண்ணீர் பராமரிப்பு யார் பொறுப்பு. குடிபோன அன்றைக்கே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், சுவர்க் கறை, உடைந்த கொக்கி, மீட்டர் அளவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதி அதிலேயே பதிவாகிவிடும். காலி செய்யும்போது வரும் சண்டைகளில் பாதி இதனாலேயே வராமல் போகும்.

அறையில் கூட இருப்பவரோடு முதல் வாரத்திலேயே சில விஷயங்களைப் பேசிவிடுவது நல்லது. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, விருந்தாளி வரலாமா, சுத்தம் யார் எப்போது, பொதுச் செலவை எப்படிப் பிரிப்பது. கோபம் வருவதற்கு முன்னால் இதெல்லாம் ஐந்து நிமிடப் பேச்சு. அப்புறம் பேசினால் புகாராகிவிடும்.

இனி, புதிதாகப் போகிறவர்கள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அங்கே யாராவது நண்பர் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். ஆனால் நேரம் எடுக்கும், எவ்வளவு நேரம் என்பதைத் தெரிந்துகொண்டால் மனம் கொஞ்சம் அமைதியாகும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நட்பாக 90 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருந்தது. வகுப்பிலோ வேலையிலோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவாக உதவவில்லை. சும்மா சுற்றிய நேரமும், சேர்ந்து சாப்பிட்ட, விளையாடிய நேரமும்தான் நட்பை வளர்த்தன. மூன்றாவது வாரத்தில் எனக்கு யாருமே இல்லையே என்று ஒரு பிள்ளை தொலைபேசியில் அழும்போது இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மூன்று வாரத்தில் 200 மணி நேரம் யாருக்கும் சேராது. உங்களிடம் குறை எதுவும் இல்லை, இன்னும் நேரம் ஆகவில்லை.

அந்த மணி நேரங்கள் எங்கே சேர்கின்றன என்பதற்கும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் இன்னும் இரண்டு பேரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த கதவில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிப் பழகினார்கள். இரண்டு கதவு தள்ளியிருந்தவர்களில் அது 22 சதவீதம், நடையின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம். ஒரு நடைபாதை நீளத்துக்கே இவ்வளவு வித்தியாசம்! படிக்கட்டுப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிக்காரர்களும் நண்பர்களானார்கள். ஆக, அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், பொதுக்கூடத்தில் உட்கார்ந்து படியுங்கள், ஒரே நேரத்தில் சாப்பிடப் போங்கள்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மோர்லாண்ட், பீச் என்ற இரண்டு உளவியலாளர்கள், தோற்றத்தில் ஓரளவு ஒத்திருந்த நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்புக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் அனுப்பினார்கள். ஒருவர் போகவே இல்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை, வந்து முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்து போனதோடு சரி. பருவ முடிவில் மாணவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. 1992இல் வந்த ஆய்வு இது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி எனக்குத் தெரியாது. கலகலப்பாகப் பேசத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தவறாமல் வந்தாலே பாதி வேலை முடிந்தது. அதனால் முதல் வாரத்தில் பத்துச் சங்கங்களில் பெயர் கொடுப்பதைவிட, வாரந்தோறும் குறிப்பிட்ட நாளில் கூடும் ஒரே ஒரு குழுவில் சேர்ந்து பருவம் முழுவதும் போங்கள். விளையாட்டோ, பாட்டோ, தன்னார்வ வேலையோ, எது வேண்டுமானாலும் சரி.

பாதுகாப்புக்கும் இந்தப் பழக்கம் உதவும். ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகும்போது, பேசாமலேயே தெரிந்த முகங்கள் உருவாகும். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் ரயில் நிலையங்களில் இப்படிப்பட்ட தெரிந்த முகங்களைக் கவனித்து எழுதினார். தினமும் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் அவர்கள். வழக்கமான கடைக்காரர், காவலாளி, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அம்மா ஆகியோரிடம் ஒரு தலையசைப்பு வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு நாள் யாராவது பின்தொடர்வதுபோல் தோன்றினால் போய் நிற்க அவர்கள் பக்கம்தான் முதல் இடம். நகரத்து மனிதர்கள் முகம்கொடுத்துப் பேசாமல் போவதைப் பார்த்து மனம் நோக வேண்டாம். ஒரு நாளைக்கு ஆயிரம் முகம் பார்ப்பவர்கள் எல்லோரையும் நின்று விசாரிக்க முடியாது. உதவி என்று நேரடியாக ஒருவரைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் நிற்பார்கள்.

அவசர எண்ணை இப்போதே கைப்பேசியில் போட்டு வையுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. இரவில் திரும்பும்போது ஒருவரிடமாவது நேரலை இருப்பிடத்தைப் பகிருங்கள். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டாம்.

பணத்தை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் வாரமாகப் பிரியுங்கள். மாதப் பணம் முதல் பத்து நாளில் தாராளமாகத் தெரியும், கடைசி வாரத்தில் வயிற்றைச் சுருக்கும். முதல் மாதம் வாளி, தலையணை, மேசை விளக்கு என்று செலவு கூடுதலாகத்தான் இருக்கும். அதை வைத்துப் பயப்பட வேண்டாம், இரண்டாவது மாதக் கணக்கைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வங்கிக் கணக்கை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடு, கமிஷன் தருகிறேன்" என்று பகுதிநேர வேலை மாதிரிப் பேசிக்கொண்டு வருவார்கள். அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை. போலீஸ் தேடும்போது பெயரும் கணக்கும் உங்களுடையதாக இருக்கும், படிப்பே நின்றுபோகலாம். கைச்செலவுக்குத் தவிக்கும் மாணவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். அதேபோல ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும், பல்கலைக்கழக அலுவலகம் என்றே சொன்னாலும், கொடுக்க வேண்டாம்.

உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்னாலேயே பக்கத்து மருத்துவமனையும் இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடையும் எங்கே என்று பார்த்து வையுங்கள். விடுதியில் நெருக்கமாகத் தங்குபவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பல நாடுகளில் பரிந்துரைக்கிறார்கள், மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. காபியில் இருக்கும் கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது.

வீட்டு ஞாபகம் வரும். வரட்டும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். முதல் மாதத்தில் ஒவ்வொரு வாரக்கடைசியும் ஊருக்கு ஓடுவதை மட்டும் முடிந்தவரை தவிருங்கள், ஏனென்றால் மேலே சொன்ன மணி நேரங்கள் அதிகம் சேர்வது வாரக்கடைசியில்தான். அம்மா அப்பாவிடம் தினமும் ஒரு நேரம் குறித்துப் பேசுங்கள். அவர்களும் நாள் முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தவிக்க மாட்டார்கள்.

ஆனால் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்கே போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அதை வெறும் வீட்டு ஞாபகம் என்று ஒதுக்க வேண்டாம். மனநலச் சிக்கல்களில் பெரும்பகுதி 25 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்குகிறது, உங்கள் வயதில் வருவது அபூர்வமில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் இருப்பார், பல இடங்களில் தனிக் கட்டணமும் கிடையாது. தேர்வு நெருங்கினால் அங்கே வரிசை நீண்டுவிடும், அதனால் பருவத் தொடக்கத்திலேயே அந்த அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எப்படி நேரம் வாங்குவது என்று விசாரித்து வையுங்கள்.